கோணக்காலன் எப்படி ஓடுவான்?

“கோணக்காலன் எப்படிடீ ஓடுவான்?”

கோ மான்சுன் பெரியம்மா காலையில் வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். முள்ளங்கி நறுக்கும்போது வரும். ஆரஞ்சுக் கொட்டகையில் பெரிய பழம் சின்னப் பழம் பிரிக்கும்போது வரும். பஸ்ஸுக்கு நிற்கையில் பக்கத்தில் நிற்பவன் ஊர் பேர் தெரியாத ஆளாக இருந்தாலும் அவனிடமும் வரும். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

“ஏதாவது லாரியில ஏறியிருப்பான் பெரியம்மா” என்று கொட்டகையில் ஒருத்தி சீண்டுவாள்.

“உன் புருஷன் ஏறிப்போனானே, அதே லாரியாடீ?” என்று பெரியம்மா பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல் திருப்பிக் கொடுப்பாள். சீண்டினவள் தலையைக் குனிந்து பழம் பிரிப்பாள்.

கோணக்காலன் என்பது அவளுடைய ஒரே அண்ணன், கோ தேசூ. சின்ன வயதில் அவன் காலின் மேல் குதிரை விழுந்தது. எலும்பு கட்டுகிறவன் குடித்துவிட்டு வந்து கட்டினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு அரிவாள் மாதிரி வளைந்தே கூடிவிட்டது. மான்சுன் குழந்தையாக இருந்தபோது அந்த வளைவில்தான் தலை வைத்துத் தூங்குவாளாம். அப்படிப்பட்டவனை ஓடிப்போனவன் என்று அரசாங்கம் எழுதி வைத்துவிட்டது.

தென்கொரியாவின் தெற்குக் கடலில் இருக்கும் எங்கள் ஜேஜு தீவில் நாற்பத்தெட்டாம் வருஷத்துக் குளிர்காலத்தைப் பற்றி யாரும் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்தை எதிர்த்து மலை ஏறியவர்கள் ஒரு பக்கம், ராணுவமும் போலீஸும் மறுபக்கம், நடுவில் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஜனம். மலைக்காரர்களுக்கு ஒரு மூட்டை பார்லி கொடுத்தான் என்று தேசூவைப் பிடித்துக்கொண்டு போய், எங்கள் தொல்கே ஊர்க் கடற்கரைப் போலீஸ் சாவடியில் அடைத்தார்கள். சில நாள் கழித்து மலைக்காரர்கள் இறங்கி வந்து சாவடியைச் சுட்டுக் கொளுத்தினார்கள். காலையில் கணக்குப் பார்த்தபோது தேசூ இல்லை. பொணமும் இல்லை. அப்படியென்றால் ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டு ஆம்பளை ஓடிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அவனுக்குப் பதிலாகச் சாக வேண்டும். அதற்கு விசாரணை எல்லாம் கிடையாது. மான்சுனின் அம்மாவைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்து வந்தார்கள். ஊரையே கூட்டி நிறுத்திச் சுட்டார்கள். சுட்டதும் கைதட்டச் சொன்னார்கள். தட்டாதவன் சிவப்பு, கம்யூனிஸ்ட் என்றார்கள். ஒன்பது வயது மான்சுன் முன்வரிசையில் நின்று, அம்மா விழுந்து கிடக்க, கைதட்டினாள்.

அதிலிருந்து அவள் எதற்கும் கைதட்ட மாட்டாள். பேரனின் பள்ளி விழாவாக இருந்தாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டுதான் உட்காருவாள்.

அனாதையான பெண்ணை யாங் ஒக்னம் என்பவள் எடுத்துக்கொண்டாள். வளர்த்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒக்னத்துக்கு அப்போது பத்தொன்பது வயது, வயிற்றில் பிள்ளை. புருஷன் மூன் சாங்பே ஊர்க்காவல் படையில் இருந்தான். அதே சாவடித் தாக்குதலில் செத்தவன். முகம் கருகிப்போன பொணத்தை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்து அடக்கம் செய்தாள். அவனுக்கு நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரன் என்று பட்டம், கல்லறைக்குப் பெயர்க்கல், வருஷாவருஷம் பூவோடு வரும் அதிகாரிகள். வீட்டில் பன்றிக்குத் தீனி வைக்க, தண்ணீர் சுமக்க, பிறந்த பிள்ளை கிஹோவை முதுகில் கட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சிவப்பு வீட்டுப் பெண் கிடைத்தாள், சம்பளம் கிடையாது.

மான்சுன் அங்கே அடி வாங்கினாள், கஞ்சியும் வாங்கினாள். பெரியவளானதும் ஓடிப்போனவன் தங்கையைக் கட்ட எவனும் வரவில்லை. கடைசியில் மனைவியை இழந்த ஒருவனுக்குக் கட்டி வைத்தார்கள். அவன் ஒரு மகளைக் கொடுத்துவிட்டு மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. பக்கத்து வீட்டிலேயே குடியிருந்ததால் ஒக்னத்தின் வேலை மட்டும் அவளை விடவே இல்லை. அதிலும் ஒரு வேலை அவளுக்கே உரியது. ஆவணியில் ஊரே போய்க் கல்லறைப் புல் வெட்டும்போது, மூன் சாங்பேயின் கல்லறையை மான்சுன்தான் வெட்ட வேண்டும். மருமகள் அரிவாளை எடுத்தால் ஒக்னம் கத்துவாள்.

“அதை வை. மான்சுன் வெட்டட்டும்.”

“அவங்களுக்கு எண்பது வயசு ஆச்சு அத்தை.”

“அவ சாகுற வரைக்கும் அவதான் வெட்டணும்.”

என்ன திமிர் என்று நாங்கள் பல்லைக் கடிப்போம். மான்சுன் பெரியம்மாவோ குனிந்து வெட்டுவாள். வெட்டி முடித்துவிட்டு, “உன் புருஷன் தலைக்குச் சவரம் பண்ணியாச்சு அக்கா” என்பாள்.

காலம் மாறியது. அதிபரே வந்து மன்னிப்புக் கேட்டார். குழிகளைத் தோண்டினார்கள், எலும்புகளை எடுத்தார்கள், உறவுக்காரர்களிடம் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியம்மாவும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். எந்தக் குழியிலும் தேசூ இல்லை. அம்மாவை நிரபராதி என்று எழுதினார்கள். தேசூவின் பெயருக்கு எதிரே மட்டும் ‘தப்பி ஓடியவர்’ அப்படியே நின்றது. அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையை அடிக்க வேண்டும் என்பதுதான். அலுவலகத்துப் பையன் நல்லவன்தான், ஆனால், “எலும்பு கிடைக்கணும், இல்லேன்னா நேர்ல பாத்த சாட்சி ஒண்ணு வேணும் பெரியம்மா” என்றான்.

“நேர்ல பாத்தவன்லாம் மண்ணுக்குள்ள இருக்கான். போய்க் கேட்டுட்டு வர்றியா?”

தை மாதக் கடைசியில் எங்கள் தீவில் சாமிகளுக்கு மாற்றல் வரும். பழைய சாமிகள் மேலே போய்விடும், புதியவை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கேட்க ஆளில்லாத அந்தச் சில நாளுக்குள்தான் வீடு மாற்றுவது, கக்கூஸ் இடிப்பது, கல்லறை தோண்டுவது எல்லாம். சாமி வந்துவிட்ட பிறகு தோண்டிய எலும்பு வெளியே கிடந்தால் குடும்பம் விளங்காது.

அப்படி ஒரு வருஷம் அரசாங்கத்தின் புது வீரர் மயானத்துக்கு மூன் சாங்பேயை மாற்றுவதென்று ஏற்பாடு. எலும்பை எடுத்து, அன்றே எரித்து, சாம்பலை அங்கே வைப்பார்கள். அதையொட்டி எங்கள் ஊர்த் தலைவருக்கு ஒரு யோசனை. வீரனின் மனைவி ஒக்னமும் சிவப்புக் குடும்பத்து மான்சுனும் மேடையில் கை கோத்து நிற்பதுதான் சமரச விழா. மேலிடத்திலிருந்து ஆள் வரும், படம் எடுப்பார்கள், ஊருக்கு ரோடு வரும்.

கல்லறை தோண்டும் நாளன்று நாங்கள் ஐந்தாறு பெண்கள் சமையல். முள்ளங்கி வைத்துச் சுருட்டிய அடை, பன்றிக்கறி, மீன் சூப். ஒக்னம் கிழவிக்குத் தொண்ணூற்று மூன்று வயது. சக்கர நாற்காலியில் கல்லறைக்குக் கிளம்பும்போது மகன் கிஹோவிடம் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

“மான்சுனை அங்க கூட்டிட்டு வராதே. அடுப்பாங்கரையிலேயே இருக்கட்டும்.”

“வருஷாவருஷம் புல்லு வெட்ட நான் வேணும், இன்னிக்கு மட்டும் தீட்டா?” என்று பெரியம்மா கரண்டியை ஆட்டினாள். கிழவி திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் மண்ணுக்கு ஊற்ற வேண்டிய மதுவை அவர்கள் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு போனது பெரியம்மாதான். பின்னால் அடைத் தட்டோடு நானும் இன்னொருத்தியும் போனோம்.

கருங்கல் சுவருக்குள் இருந்த கல்லறை மேட்டைப் பிளந்து, எலும்பு பொறுக்கும் ஆள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வெள்ளைக் காகிதத்தில் தலையிலிருந்து பாதம் வரை ஆள் படுத்த வாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தான். கால் பக்கம் வந்ததும் அவன் கை நின்றது.

“ஏன் கிஹோ அண்ணே, உங்கப்பா நொண்டியா?”

“எங்கப்பாவா? ஊர் ஓட்டப்பந்தயத்துல பன்னிக்குட்டி பரிசு வாங்கினவரு. அம்மா சொல்லாத நாளே கிடையாது.”

“அப்ப இது என்ன?”

பெரியம்மா மதுப் புட்டியைச் சுவரில் வைத்தாள். குனிந்து அந்த எலும்பை எடுத்தாள். வளைவில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் தடவினாள். பிறகு அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தாள். என்னோடு வந்தவள் சிரிக்கப் போய், வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா, இது யாரு காலு?”

கிழவி நாற்காலியில் அசையவில்லை. “கீழ வை.”

“உன் புருஷன் காலா?”

“கத்தாதே. ஆளுங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். எழுபது வருஷத்துக்கு மேல நான் யாரு தலையில புல்லு வெட்டினேன்?”

“உங்கண்ணன் தலையிலதான்” என்றாள் கிழவி. “அதான் உன்னை வெட்டச் சொன்னேன். வேற ஒருத்தியை விட்டேனா?”

எலும்பு பொறுக்குகிறவன் இடுக்கியைக் கீழே போட்டான். ஊர்த் தலைவர், “வெயில் ஏறுது, உள்ள போய்ப் பேசிக்கலாம்” என்றார். தை மாதத்தில் ஏது வெயில்? யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

கிழவி மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். குரலில் அழுகையும் இல்லை, வெட்கமும் இல்லை. முள்ளங்கி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

“கோட்டு என் புருஷனோடது. முழங்கையில நான் போட்ட ஒட்டு. மூஞ்சி எரிஞ்சிருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து கழுவினேன். காலைக் கழுவும்போது தெரிஞ்சுபோச்சு. வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறான், உன் புருஷன்தானான்னு கேக்கிறான். இல்லைன்னா என் புருஷன் ஓடினவன். ஓடினவன் பொண்டாட்டியை என்ன பண்ணுவாங்கன்னு உனக்கா சொல்லணும்? வயித்துல இவன் இருந்தான். என் புருஷன்தான்னு சொன்னேன்.”

“எங்கண்ணன் மேல உன் புருஷன் கோட்டு எப்படி வந்துச்சு?”

“சாவடி வாசல்ல காவல் நிக்க அவனுக்குப் பயம். கைதிக்குத் தன் கோட்டை மாட்டி நிறுத்திட்டு உள்ள போய்ப் படுத்துக்கிட்டான். மலைக்காரனுங்க கோட்டைப் பாத்துத்தான் சுட்டாங்க. என் புருஷன் பின்பக்கமா கிளம்பிட்டான். இதெல்லாம் பின்னால ஜப்பான்ல ஒசாகாலேர்ந்து வந்த ஒருத்தன் சொல்லித்தான் எனக்கே தெரியும். படகேறிப் போயி, அங்க ஒருத்தியைக் கட்டி, ரப்பர் கம்பெனில வேலை பாத்து, கொழுத்துச் செத்தானாம்.”

கிஹோவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வீரன் மகன் என்று ஊரில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தே வளர்ந்தவர். “அம்மா” என்றார்.

பெரியம்மா கிழவிக்கு நேரே போய் நின்றாள்.

“பொணம் இருந்த வீடு பொழைச்சுது. பொணம் இல்லாத வீட்டுல எங்கம்மாவை இழுத்துட்டுப் போனாங்க. நீ மைதானத்துல இருந்தியா?”

“இருந்தேன்.”

“கை தட்டினியா?”

“நீயும்தானே தட்டினே?”

அடுப்படியில் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை எந்தச் சண்டையிலும் கேட்டதில்லை.

பெரியம்மா எலும்பை மடியில் கட்டிய துணிக்குள் செருகிக்கொண்டாள். “இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். என் ரத்தம் அங்க இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கட்டும்.”

“சோதனை முடிய மாசக்கணக்குல ஆகும்” என்றார் தலைவர். “சாமிங்க வந்துட்டா எலும்பை வெளியில வெச்சிருக்க முடியுமா? எரிக்கிற இடத்துல இன்னிக்குத்தான் முறை. விழா வேற வருது. ஊருக்கு நல்லது நடக்கிற நேரத்துல நீங்க…”

“ஒரு காலை எடுத்துட்டா ஆத்மா மேல போயி நொண்டும் பெரியம்மா” என்று எலும்பு பொறுக்குகிறவன் தன் பங்குக்குச் சொன்னான்.

“கீழயே நொண்டினவன்தான்டா அவன். மேல போயி ஓட்டப்பந்தயமா ஓடப் போறான்?”

அப்போது கிஹோ வந்தார். மான்சுனின் முதுகில் மூத்திரம் போய் வளர்ந்த கிஹோ. “குடுத்துடுங்க அக்கா. அம்மா இன்னும் எத்தனை நாளைக்கு? அவங்க நிம்மதியா சாகட்டும். எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு. ஓடினவன் குடும்பம்னு அதுங்களை…”

“எனக்கு அப்ப ஒன்பது வயசுடா.”

அவர் மடித்துணிக்குள் கையை விட்டார். அவள் விடவில்லை. அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பலமாக இழுத்ததில் எலும்பு அந்த வளைவிலேயே படக்கென்று முறிந்தது. சுள்ளி முறிகிற சத்தம்தான். இரண்டு துண்டையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் எரித்துவிட்டார்கள். நாங்கள் தட்டைத் திருப்பிக் கொண்டு வந்தோம். அடை மிஞ்சிவிட்டது.

மறுநாள் பெரியம்மா அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூட வந்தவளும் போய், காதால் கேட்டதைச் சொன்னோம். சாம்பலில் ஒன்றும் பார்க்க முடியாது என்றான் பையன். கேட்டது சாட்சி ஆகாது, கழுவிப் பார்த்தவள் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றான். தலைவரோ, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். எலும்பு பொறுக்குகிறவன், ஈர மண்ணில் எலும்பு வளைவது சகஜம் என்று சொல்லிவிட்டான். கிஹோவின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும், கல்லறையில் நின்ற மற்றவர்களுக்கு அன்றைக்கு ஒன்றுமே காதில் விழவில்லையாம்.

பெரியம்மா ஒக்னம் வீட்டு வாசலில் தினமும் போய் உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்தை அக்கா. அந்தப் பையன் வீட்டுக்கே வருவான். ‘அவன் ஓடலை’ன்னு சொல்லு, போதும். உன் புருஷனைப் பத்திச் சொல்ல வேண்டாம்.”

“ஒண்ணைச் சொன்னா மத்ததும் வரும். கிஹோ இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்.”

“அவன் உனக்கப்புறமும் இருப்பானே.”

“அப்ப உனக்கு அதிர்ஷ்டம் இல்லை. கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ.”

குடிக்காமல்தான் வருவாள். மறுநாள் மறுபடி போவாள்.

சமரச விழா நடந்தது. பெரியம்மா வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். மைக் கிடைத்தால் சொல்லிவிடலாம் என்ற எண்ணம். மைக்கைத் தலைவர் விடவே இல்லை. “வெறுப்பை மறந்த இரண்டு தாய்மார்கள்” என்றார். ஒக்னம் கையை நீட்டினாள். பெரியம்மாவின் கை இரண்டும் தொடைக்கு அடியில். தலைவர் சிரித்துக்கொண்டே ஒரு கையை வெளியே இழுத்துக் கிழவியின் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தார். மைதானம் முழுக்கக் கைதட்டியது. அதே பள்ளிக்கூட மைதானம். “எங்கண்ணன் ஓடலை!” என்று பெரியம்மா கத்தியது தட்டல் சத்தத்தில் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. அந்தப் படம் சட்டம் போட்டு ஊர் அலுவலகத்தில் தொங்குகிறது. அதில் அவள் வாய் திறந்திருப்பதைப் பார்த்து, சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

கருங்கல் மாதிரி கெட்டியாக இருந்த ஒக்னம் மறு குளிர்காலத்தில் ஒரு சளியில் போய்ச் சேர்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனாள். வீரன் மனைவிக்குப் புருஷனோடு சேர்ந்து அடக்கமாக உரிமை உண்டு. கல்லைத் திறந்து அவள் சாம்பலையும் உள்ளே வைத்து, பின்பக்கத்தில் அவள் பெயரையும் வெட்டினார்கள்.

கேள்விப்பட்ட அன்று பெரியம்மா கொட்டகையில் பழத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். “எங்கண்ணனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்கடீ. பத்தொன்பது வயசுல போனவனுக்குத் தொண்ணூத்தி நாலு வயசுப் பொண்டாட்டி!” நாங்களும் சிரித்தோம். பிறகு அவள் நிறுத்திவிட்டாள். “இனிமே அவனைக் கும்பிட்டா அவளையும் சேத்துல்ல கும்பிடணும்?” என்றாள்.

இப்போது புதன்கிழமைதோறும் அங்கே போகிறாள். புதன்தான் கொட்டகைக்கு விடுமுறை. தொல்கேயிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி மயானத்து வாசலில் இறங்க வேண்டும். வாசல் காவலன் வீரனின் உறவு என்று நினைத்து அவளுக்கு சல்யூட் அடிக்கிறான். அவள் மூன் சாங்பே என்று வெட்டிய கல்லின் முன்னால் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு உட்கார்ந்து, முன்பக்கத்தில் அண்ணனுக்கு அடை வைக்கிறாள். பின்பக்கம் போய் ஒக்னத்தைத் திட்டுகிறாள். சில நாள் அவளுக்கும் பாதி அடை வைத்துவிட்டு வருகிறாள், ஏனென்று கேட்டால், “கஞ்சி ஊத்தினாளே, சனியன்” என்கிறாள். எழுதி வைத்த வார்த்தை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

எங்கள் தீவுக்கு எருமைக் கூட்டம் மாதிரி சுற்றுலா வருகிறீர்களே, ஒரு புதன்கிழமை அங்கேயும் போங்கள். பூ கொண்டு போகாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. சாப்பிட ஏதாவது கொண்டு போங்கள், முள்ளங்கி அடை வேண்டாம், அதை அவளே நன்றாகச் செய்வாள். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுத் தொலைக்காதீர்கள், செருப்பு பறக்கும். எதற்காகவும் கைதட்டிவிடாதீர்கள். விரிப்பின் ஓரத்தில் உட்காருங்கள். “கோணக்காலன் எப்படி ஓடுவான்?” என்று அவள் உங்களிடமும் கேட்பாள். “அவர் ஓடலை பெரியம்மா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.